மரத்துப்போன வலது கால்

பள்ளி வேன் ஓட்டும் அவரைப் பிள்ளைகள் 'வேன் மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது; பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது அந்த எட்டாவது வருஷம்தான். செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்துபோய், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கிளட்சுக்கு இடது கால். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வலது கால் ஒன்றுதான். குதிகாலை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை மட்டும் திருப்புவார். எதன்மேல் இருக்கிறோம் என்று பாதமே சொல்லிவிடும். இப்போது அது வாயை மூடிக்கொண்டது. யாரிடமும் மூச்சு விடாமல், குனிந்து குனிந்து பார்த்து ஓட்டினார்.

ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளி வாசல் வேகத்தடைக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். வண்டி பாய்ந்தது. இன்னும் அழுத்தினார், இன்னும் பாய்ந்தது. கைப்பிரேக்கை இழுத்துச் சாவியைத் திருகினார். வாசல் தூணுக்கு ஒரு சாண் இருக்கையில் வண்டி நின்றது. குனிந்து பார்த்தார். கால் ஆக்சிலேட்டர்மேல் இருந்தது. பின்னால் பதினான்கு பிள்ளைகள்.

"ஏன் மாமா வேகமா போனீங்க?" என்றாள் முன்சீட்டுச் சிறுமி. அவர் இறங்கிப்போய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்.

நேரே பள்ளி ஆபீசுக்குப் போய்ச் சாவியை மேஜையில் வைத்தார். "கால்ல உணர்ச்சி இல்லம்மா. இனிமே நான் ஓட்டக்கூடாது."

"சாயங்காலம் பிள்ளைங்கள யாரு கொண்டு விடுறது? இன்னிக்கு மட்டும் மெதுவா ஓட்டிடுங்களேன்," என்றார் ஆபீஸ் அம்மா.

"எது பிரேக்குன்னே தெரியலம்மா எனக்கு." அன்று பெற்றோர்களே வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள்.

"போன உணர்ச்சி திரும்பி வராது. இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம்," என்றார் டாக்டர். வீட்டில் மனைவி அவர் கட்டைவிரலை நிமிண்டி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலாவது தடவை, அவளுக்காக, "லேசா," என்று பொய் சொன்னார்.

பள்ளிக்கூடம் அவரைக் கைவிடவில்லை. அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை கொடுத்தது. புது டிரைவர் எந்நேரமும் கிளட்சுமேல் காலை வைத்தபடியே ஓட்டினான்.

"கால எடுத்துடு தம்பி, கிளட்ச் தேஞ்சிடும்," என்றார்.

"தெரியும்ணே," என்றான் அவன். காலை எடுக்கவில்லை. வேன் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.