மூக்கு வழியே திரும்பிய ஓரப்பார்வை

ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கை தப்பினால் மன்னிப்பு உண்டு. கழுத்து தப்பினால் கிடையாது. நாள் முழுக்கக் குனிந்து தைத்து, அதற்கு மேல் பேச்சும் வாங்கும் தையல் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வருகிற வாரம் மறுபடி ஸ்கேன்.

திமிர்

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. எதிரே வந்தால் சிரிப்பேனாம்; பக்கத்தில் வந்தால் கண்டுகொள்ள மாட்டேனாம். பந்தல்குடியிலிருந்து துணி கொண்டுவரும் பேச்சியம்மா அக்கா, பஸ் ஸ்டாண்டில் என் தோளோடு தோளாக நின்று ரெண்டு தடவை சிரித்திருக்கிறார். நான் நேரே பார்த்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

கதவு நிலையில் இடித்துக்கொள்வதும், பக்கத்திலேயே கிடக்கும் கத்தரியைத் தேடுவதும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிள்ளை வளர்க்கிற உடம்பு, தூக்கம் பத்தவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் ஜாக்கெட் வாங்க வந்த அக்கா வாசலிலேயே ஒன்று சொன்னார். அது வரிக்கு வரி உண்மை என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது. "கான்வென்ட்டுல படிச்சவுகளுக்குப் பக்கத்துல நிக்கிற சனம் கண்ணுக்குத் தெரியாதாக்கும்!"

இஸ்திரிப் பெட்டி

மெஷினுக்கு இடப்பக்கம் இஸ்திரிப் பெட்டி சூடாக நின்றது. மூன்று வயது பாப்பா அதைத் தொடக் கையை நீட்டியிருக்கிறாள். நான் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறேன். அளவு கொடுக்க வந்த பேச்சியம்மா அக்காதான் பாய்ந்து பிள்ளையைத் தூக்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் காதோரம் விரலை ஆட்டிப் பார்த்தார். "ஏத்தா, பிள்ள இங்ஙன நின்னது உனக்கு நெசமாவே தெரியலையா?"

மூக்குத்தி

அன்றைக்கே என் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அக்காதான். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ஓரத்தில் வந்த புள்ளி எதற்கும் நான் அழுத்தவில்லை. அப்புறம் மதுரையில் ஸ்கேன். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று பயறளவு சுரப்பி இருக்கிறதாம். அதில் வளர்ந்த கட்டி கண் நரம்பை அழுத்துகிறது. புற்று இல்லை, ஆனால் விட்டுவைத்தால் நேர் பார்வையும் போகும். தலையைத் திறக்க வேண்டாம், மூக்குத் துவாரம் வழியாகக் கேமராவை விட்டு எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். பாப்பா முகம் எனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

மூக்குத்தியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. திருகு இறுகிக் கிடந்தது. சோப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய், என் வீட்டுக்காரரின் பொறுமை, எதற்கும் அசையவில்லை. கடைசியில் நகைப்பட்டறை ஆசாரி குறட்டால் பிடித்து ஒரே திருப்பு. நான் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "தாயி, உன் மூக்குல மொத ஆபரேசன் பண்ணது நாந்தேன்னு அந்த டாக்டருட்டச் சொல்லு!"

ஒட்டு

கண் விழித்தபோது மூக்கு நிறையப் பஞ்சு. தலையில் தையல் இல்லை, தொடையில் இருந்தது. கட்டி எடுத்த இடத்தில் மூளைநீர் கசியாமலிருக்க, தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பெடுத்து அடைத்திருந்தார்கள். ஆறு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். என் தொழில் என்னவென்று கேட்ட நர்சு சிரித்தார். "அப்ப நான் விளக்கவே வேணாம்க்கா. புதுசாப் போட்ட ஒட்டை யாராவது இழுத்துப் பார்ப்பாங்களா?"

தாளிப்பு

மாடிக்கு மாடி மிளகாய் வத்தல் காயும் மாசம் அது. எங்கள் ஊரில் தும்மாமல் இருப்பது எப்படி? ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒரு நாளும் நெடி வரவில்லை. காற்று திசை மாறியிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா தன் மாடி வத்தலைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாளிப்பதையே நிறுத்தியிருந்தார். தெருவிலும் சொல்லி நிறுத்த வைத்திருந்தார். என்னிடம் மூச்சுவிடவில்லை. சவூதியிலிருந்து லீவில் வந்த அவர் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டு முன்னால் கத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை முட்டியது, அழுதால் மூக்குச் சிந்த வேண்டிவருமே என்று அடக்கிக்கொண்டேன். சுவர் தாண்டிக் கேட்டது இதுதான்: "ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன், வீட்டுலயும் ஆஸ்பத்திரிச் சாப்பாடா?"

இடப்பக்கம்

மறுபடி மெஷினில் உட்கார்ந்த முதல் வாரம். பேச்சியம்மா அக்கா எதிரே இருந்தார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் சின்னதாக ஓர் அசைவு. திரும்பாமலே, "பாப்பா, பெட்டி சுடும், கையை எடு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இனிமே பஸ் ஸ்டாண்டுல என்னையப் பார்க்காமப் போனேன்னு வையி, அது திமிருதேன்!"

வருகிற வாரம் ஸ்கேன் என்ன சொல்லுமோ என்ற பயம் இருக்கிறது, ஆனால் அது நல்லபடியாக வந்துவிட்டால், இனிக் கழுத்து தப்பினால் பழி போட என்னிடம் ஒரு கட்டிகூட இருக்காது.