ஒரே பெயர், ஒரே தகப்பனார்

முகம்மது இப்ராஹிம் ஜித்தாவில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர். 1997-இல் காயல்பட்டினத்தில் மனைவி வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. மனைவி மஹ்மூதா பீவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மவுத்துச் செய்தி வந்தபோது கம்பெனி லீவு தரவில்லை. இவரும் முட்டி மோதிக் கேட்கவில்லை. ஒரே மகன் ஹாஜா தனியாக நின்று உம்மாவை அடக்கம் செய்தான். அதோடு வாப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருக்கும் ஊர் வழக்கப்படி அவனும் பெண்டாட்டி நஃபீஸத்தின் வீட்டோடு போய்விட்டவன். மூன்று தெருதான் தள்ளி.

அவன் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டானா என்பது ஒன்றுதான் இப்ராஹிமுக்கு மிச்சமிருந்த எதிர்பார்ப்பு. தானே போய்ப் பேசலாம் அல்லவா? அதுதான் முடியாது. வீம்பில் தகப்பனும் மகனும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

1999-இல் ஊர் நலச் சங்கம் எல்லோருடைய பெயர், பிறந்த தேதி, ரத்த வகையைப் பதிவு செய்ய நினைத்தது. வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு பேர் வாசலுக்கு வருவார்கள் என்ற ஆசைதான். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பத்திரிகையோடு இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் சிடியைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதிலேயே விவரங்களைச் சேமித்து வைக்கிற போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரும் இருந்தது. ஆனால் ஓட மறுத்தது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பெயரில் தொடங்கினால் ஓடாதாம். அதற்கென்று அதிகாரம் குறைந்த தனிப் பெயர் வேண்டுமாம்.

"சரிதாம்லே, பொண்டாட்டி வீட்டுல எனக்கு மட்டும் என்ன அதிகாரம் கெடக்கு" என்று கம்ப்யூட்டரிடமே சொன்னார். பேச்சுத் துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பகலில் சர்வர் ஓடியது. முதல் டேட்டாபேஸை உருவாக்கி, கட்டளைக்குப் பதில் வந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சத்தமாக.

அடுத்து அட்டவணை. ஜித்தாவில் ஆளுக்கொரு நம்பர் போட்டே பழகிய மனுஷன், நம் ஊருக்கு நம்பர் எதற்கு என்று நினைத்தார். பெயரும் தகப்பனார் பெயரும் சேர்ந்தால் அது ஒரே ஆள். அப்படி இரண்டாவது வந்தால் ஏற்காதே என்று சர்வருக்குச் சொல்லி வைத்தார். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் பிறந்தவர் செய்கிற காரியமா இது? முதல் ஆளாகத் தன் பெயரையே ஏற்றினார்: முகம்மது இப்ராஹிம், தகப்பனார் ஹாஜா. அவருடைய வாப்பாவும் ஹாஜாதான். அந்தப் பெயரைத்தான் மகனுக்கு வைத்திருந்தார்.

இவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் சங்கத்து ரசீத், வீடு வீடாக விவரம் எழுதிய சீட்டு வாங்கி வந்து கொடுப்பான். முதலில் பெயர்களை மட்டும் ஏற்றிவிட்டு, மற்றதைப் பிறகு சேர்க்கலாம் என்று இப்ராஹிம் வேகமாகத் தட்டிக்கொண்டு போனார். அந்தச் சமயம் ஹாஜா வேலை பார்க்கிற துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிற செய்தி இவர் காதில் விழுந்திருந்தது. அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் ரசீத் கொண்டுவந்த சீட்டுகளில் முதலாவதை ஏற்றியதும் சர்வர் மறுத்தது. இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்றது. சீட்டின் மேல் வரியைப் பார்த்தார். தன் பெயர், தன் தகப்பனார் பெயர்.

"டபுள்" என்று சொல்லி, கீழே படிக்காமல் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ரசீத் அந்தக் கூடையைப் பார்த்தான். பிறகு எழுந்து போனான்.

பத்து நாள் கழித்துத்தான் மறுபடி வந்தான். உட்காரவில்லை.

"காக்கா, உங்க ரெண்டு பேருக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். பச்சப் புள்ள பேரக் கிழிச்சிருக்க வேண்டாம்."

"எந்தப் புள்ள?"

"ஹாஜா மவன்தான். உங்க பேரத்தான் வச்சிருக்கான். 'வாப்பா கையில குடு, என்ன சொல்லுதாஹன்னு பாத்துட்டு வா'ன்னு தந்தான். நீங்க கிழிச்சீங்க. அதப் போயிச் சொன்னேன்."

"அவன் எங்க இப்ப?"

"நேத்து பிளேன் ஏறிட்டான்."

இப்ராஹிம் குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். அது எத்தனையோ தடவை காலியாகி நிறைந்துவிட்டது. அட்டவணையை அழித்து, ஆளுக்கொரு நம்பரோடு புதிதாக உருவாக்கினார். முதலில் பேரனைத்தான் ஏற்றினார். சர்வர் ஒரு பேச்சும் பேசாமல் வாங்கிக்கொண்டது. பிறந்த தேதி காலியாக இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு மூன்று தெருவும் நடந்தார். நஃபீஸத் கதவைப் பாதி திறந்து, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். உள்ளே குழந்தை சிணுங்குவது கேட்டது.

"புள்ள பொறந்த தேதி வேணும்மா. பதியணும்."

அவள் கதவை மேலும் திறக்கவில்லை.

"அவஹ எழுதித்தான குடுத்தாஹ, மாமா" என்றாள்.