சறுக்கத் தெரியாத அணி

முழங்காலில் தோல் உரிந்த இடத்தில் உப்பு பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் காந்தல் காதுவரை ஏறிக் கண்ணில் நீர் கொட்டிவிடும். மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பள்ளியின் பெண்கள் பேஸ்பால் அணி ஒரு பருவம் முழுக்கத் தோற்றதற்கு இந்தக் காந்தல்தான் காரணம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

பேஸ்பாலா, உங்கள் ஊரிலா என்று நீங்களும் கேட்பீர்கள். கபடிக்கும் கோகோவுக்கும் தெருவுக்கு ஓர் அணி இருக்கிறது, பேஸ்பால் ஆடுவதோ சுற்றுவட்டாரத்தில் நாலே பள்ளிகள், ஆகையால் சான்றிதழ் வாங்குவது சுலபம் என்று எங்கள் "பி.டி. டீச்சர்" கணக்குப் போட்டார். மற்ற மூன்று பள்ளிகளும் நன்றாக ஆடும் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். அவரே கைப்பேசியில் வீடியோ பார்த்துத்தான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். பள்ளி மைதானத்தில் முள் மண்டிக் கிடந்ததால், உப்பு எடுப்பதை நிறுத்திவிட்ட பழைய "பாத்தி" ஒன்றில் நாலு மூலைக்கும் சாக்கை மடித்துப் போட்டு ஆடினோம். தரை கல்லாக இறுகி, மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும்.

ஓடி வருபவள், பந்து வந்து சேர்வதற்குள் தரையோடு சறுக்கியாவது அந்தச் சாக்கைத் தொட்டுவிட வேண்டும்; தொட்டால் "சேஃப்", தவறினால் "அவுட்". பயிற்சியின் முதல் நாளே அப்படிச் சறுக்கிய கலாவுக்குத் தொடைத் தோல் உரிந்து, உப்பு ஏறி, அவள் போட்ட கூச்சலில் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அவள் அம்மா பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அதன்பின் எங்களில் யாரும் சறுக்கவில்லை. வெளியூரில் நல்ல மண் தரையில் ஆடும்போதும் உடம்பு மறுத்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நிமிர்ந்து ஓடி, நிமிர்ந்தபடியே "அவுட்" ஆனோம்.

கலா என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்தவள், அணியில் ஆடத் தெரிந்த ஒரே ஆள். அப்பா இல்லாத வீடு. டீச்சர் அந்த வீட்டுக்கே போய், நன்றாக ஆடினால் காலேஜில் இடம் கிடைக்கும் என்று கெஞ்சியதில் அவள் அம்மா ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்: "பந்து ஆடுற வரைக்கும் பள்ளிக்கூடம் போவட்டுங்க டீச்சர். அது நின்னுபோச்சுன்னா அளத்துக்கு வந்துடணும். என் ஒருத்தியால முடியல." தலைமையாசிரியரோ, "ஒரு மேட்ச்சாவது ஒழுங்கா ஆடுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் டீமே வேணாம்" என்று சொல்லியிருந்தார். ஆக, கலாவின் படிப்பு எங்கள் ஓட்டத்தில் வந்து நின்றது. எங்கள் ஓட்டத்தின் லட்சணத்தைத்தான் சொன்னேனே.

கடைசி ஆட்டம் திண்டிவனத்தில் நடந்தது. என்ன மாயமோ, முடியும் தறுவாயில் ஒரே ஒரு ரன்தான் பின்தங்கியிருந்தோம். மூன்றாம் மூலையில் கலா நின்றாள். அவள் நாலாவது மூலைக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன், ஆட்டம் சமன்; இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. எங்கள் பெண் பந்தை அடித்தாள், கலா ஓடினாள், பந்தும் திரும்பி வந்துகொண்டிருந்தது. அடுத்து அடிக்க வேண்டியவளாக நான் கிட்டத்தில் நின்றேன். அவள் சறுக்கினாள். புழுதி எழுந்து எல்லாவற்றையும் மூடியது, நடுவர் "அவுட்" என்று கையை உயர்த்தினார்.

ஆனாலும் திரும்பும் பஸ்ஸில் ஜெயித்தவர்கள் மாதிரிப் பாடிக்கொண்டு வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கலா உரிந்த தொடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இவ்ளோதானா? உப்பு இல்லன்னா எரியவே இல்லடி!" என்றாள். சேதி கேட்ட தலைமையாசிரியரும் இளகி, "சரி, இன்னொரு வருஷம் பாக்கலாம்" என்றார். அந்த மழைக்காலம் முழுக்க மனதுக்குள்ளேயே அடுத்த பருவத்தின் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்து முடித்தோம்.

ஜூனில் பள்ளி திறந்தபோது டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டது. வந்தவருக்கு அந்த ஆட்டம் தெரியாது. மட்டை பீரோவுக்குப் பின்னால் போனது. கலாவின் அம்மா சொன்ன சொல் மாறவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஆனால் வகுப்பில் என் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் யார் மீதென்று தெரியாத ஆத்திரம் வரும். இன்னும் வருகிறது.

இப்போது அந்தப் பாத்தியை மண்ணடித்து நிரவி, மனைகளாகப் பிரித்துக் கல் நட்டு, கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் நான் போன மாதம் ஊருக்கு வந்தபோது கலாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சுருங்கியிருந்தது, உள்ளங்கை வெடித்திருந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். என் பஸ் வந்ததும் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீதானடி கிட்ட நின்ன. சொல்லு, நான் சேஃப்தான?"

நான் பார்த்தது புழுதியை மட்டும்தான்.

"சேஃப்தான்டி" என்றேன்.

"நானும் அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் கலா. "எங்கம்மாதான் நம்ப மாட்டேங்குது."