அமலதாஸின் நரம்பில் ஒரு குடித்தனம்

தசரா நெருங்குவதை மைசூர்க்காரர்கள் தோரணங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். லஷ்கர் மொஹல்லாவில் குடியிருந்த அமலதாஸுக்கு அது தேவையில்லை. கீழுதட்டின் இடது மூலை குறுகுறுத்தால் ஊர்வலத்துக்கு இன்னும் நாலு நாள். மறுநாள் கொத்தாகக் கொப்புளம்.

அவர் ஊர்வல பேண்டில் க்ளாரினெட் வாசிப்பவர். பதினோரு வருஷமாகத் தனி வாசிப்புக்கு அவர் பெயரை எழுதுவார்கள். மூன்று நாளைக்கு முன் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். புண்ணான உதட்டால் க்ளாரினெட்டைக் கவ்வ முடியாது. ஊர்வலம் முடிந்து பத்து நாளில் உதடு மாப்பிள்ளை உதடு மாதிரி வழவழவென்று ஆகிவிடும்.

மனைவி மோலி பல்லியைச் சந்தேகப்பட்டாள். தூங்கும்போது உதட்டில் மூத்திரம் பெய்துவிடுகிறதாம். விளக்குமாறோடு வருஷக்கணக்கில் வேட்டையாடினாள். பல்லிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. கொப்புளம் போகவில்லை.

1937இல் பேண்ட் மாஸ்டர் எட்வர்ட் கூப்பிட்டார். "அமலு, நான் இந்த வருஷத்தோட ரிடையர். வர்றவன் உன்னைச் சீண்டமாட்டான். இதுதான் உனக்குக் கடைசி சான்ஸ். உதட்டைப் பத்திரமா வச்சுக்கோப்பா."

அமலதாஸ் டாக்டரிடம் ஓடினார்.

"சின்ன வயசுல வந்த கிருமி, போகவேயில்லை," என்றார் டாக்டர். "மண்டைக்குள்ள காதுக்குப் பக்கத்துல ஒரு நரம்பு முடிச்சு. அதுல தங்கியிருக்கும்னு இப்ப சிலபேர் எழுதறாங்க."

"அப்போ நரம்பு செத்துடாதா சார்?"

"குடியிருக்கிற வீட்டை இடிச்சுட்டு அது எங்க போகும்? சும்மா படுத்துக் கிடக்கும். காய்ச்சல், வெயில், கவலை, எதாவது வந்தா உதட்டுக்கு இறங்கும். அப்புறம் மறுபடி படுத்துக்கும்."

"மருந்து?"

"கவலைப்படாம இருங்க."

அன்றுமுதல் கவலைப்படாமல் இருப்பதை முழுநேர உத்தியோகமாக எடுத்துக்கொண்டார் அமலதாஸ். இதைவிட அசதியான உத்தியோகம் சமஸ்தானத்தில் வேறு இருந்திருக்காது. குடையில்லாமல் வெளியே போகவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்; பிறகு திருப்பிப் பார்த்தார்.

காலைதோறும் மோலி, கன்னடத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் கேட்பாள்: "ரீ, கவலையா இருக்கா?"

"நீ கேட்கிற வரைக்கும் இல்லை."

ஊர்வலத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் எட்வர்டின் முன் போய் நின்றார். "என் பேரை எடுத்துடுங்க சார். பெரிய டிரம் கொடுங்க."

"வந்துடுச்சா?"

"வரல. காத்துக்கிட்டிருக்க முடியல."

எட்வர்ட் பட்டியலை எடுத்தார். பிறகு பெயரை அடித்தார். வீட்டுக்கு வந்த அமலதாஸ் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். மறுநாள் உதடு குறுகுறுக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

ஊர்வலத்தன்று மோலி தெருவோரக் கூட்டத்தில் நின்றாள். வயிற்றில் டிரம்மைக் கட்டிக்கொண்டு புருஷன் வருவதைப் பக்கத்துப் பெண்ணிடம் காட்டினாள். "பாருங்க, உதட்டுல ஒரு பொட்டுக்கூட இல்லை."

அமலதாஸ் காதில் அது விழுந்தது. வேறொருவரின் தனி வாசிப்பு தொடங்க டிரம்மில் இன்னும் நாலு அடி. அவர் டிரம்மை ஓங்கி அடித்தார்.