நஸ்மியின் மொட்டைமாடி

“டக்” என்று கூடத்தில் ஓர் ஓசை கேட்டது.

சமையலறையில் பேரீச்சம்பழத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நஜாஹ்வின் கை அப்படியே நின்றது. காலிக் கோப்பை கண்ணாடி மேசையில் உட்கார்ந்தால் அப்படிக் கேட்காது. அது நிறைந்த கோப்பை. மகள் கொடுத்துவிட்டு வந்த காப்பியை வந்தவர் உதட்டில் படவிடாமல் கீழே வைத்துவிட்டார்.

அம்மான் நகரத்தில் குடும்பம் நடத்திய எந்தப் பெண்ணுக்கும் அதன் பொருள் தெரியும். மனிதர் ஏதோ கேட்க வந்திருக்கிறார். கேட்டது கிடைக்கும் என்று தெரியும்வரை குடிக்க மாட்டார். ‘காப்பியைக் குடியுங்கள்’ என்று வீட்டார் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால், கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் அதை மாற்ற முடியாது.

“நீ பிஸ்கட்டை எடுத்து அடுக்கு” என்று மகள் ரபாபிடம் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நஜாஹ் கூடத்துக்குப் போனாள். அந்நிய ஆண் வந்திருப்பதால் வாசற்கதவைத் திறந்தே வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

சோபாவில் அபூ தர்காம் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டுத் தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரர். லாரி ஓட்டி ஓய்ந்த உடம்பு. அவள் புருஷன் நஸ்மிக்குப் பத்தொன்பது வருஷம் ஜென்மப் பகையாளி. நஸ்மி இறந்து நான்கு மாதம் பத்து நாள் அவள் துக்கம் காத்து முடித்தது நேற்று. இன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டார்!

“அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும், உம்மு ஸியாத். நல்ல குடும்பஸ்தர். அவர் கை வைக்காத வேலை உண்டா?” மகன் ஸியாதின் தாய் என்பதால் ஊரே அவளை ‘உம்மு ஸியாத்’ என்றுதான் அழைக்கும்.

“இதை அவர் உயிரோட இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே.”

“அப்ப சண்டை. சண்டைன்னா சண்டை. இப்ப ஒண்ணு கேட்டு வந்திருக்கேன். மாடியில இருக்கற புறா நாற்பத்திரண்டையும் எனக்குக் கொடுத்துடுங்க. உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை? நீங்கதான் எல்லாத்தையும் கோதுமை அடைச்சுச் சமைச்சிடுவேன்னு தெருவெல்லாம் சொல்லுவீங்களே.”

நஜாஹ் சொன்னாள்தான். ஒரு தடவையா, ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஆனால் அதைச் சொல்ல அவளுக்குத்தான் உரிமை.

நஸ்மி தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அதன்பிறகு அவர் உத்தியோகஸ்தர் இல்லை, சூறாவளி. முதலில் புகைப்படம். குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு உள்ளே தாழ் போட்டுவிடுவார். ஸியாதும் ரபாபும் அடக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடுவார்கள். பிறகு வயலின் போல ஏதோ ஒன்று, பிறகு ஊத் வாத்தியம். மூன்று பாட்டு கற்றார், மூன்றையும் ஒரே மாதிரி வாசித்தார். பிறகு தேனீ. பெருநாளன்று தேனீ கொட்டி நஜாஹ்வின் கண் வீங்கி, வந்த விருந்தாளிகள் எல்லாம் புருஷன் அடித்துவிட்டான் என்று நினைத்து அவரை முறைத்துவிட்டுப் போனார்கள். அவரோ ஒவ்வொருவரையும் பிடித்து மாடிக்கு இழுத்துப்போய்க் கூட்டைக் காட்டினார்! பழைய ரேடியோ, திராட்சைக் கொடி, ஆலிவ் ஊறுகாய்... எதையும் தனியாகச் செய்யவும் தெரியாது அவருக்கு. ஒரு பிள்ளை விளக்கைப் பிடிக்க வேண்டும், ஒரு பிள்ளை ஆணியை நீட்ட வேண்டும், பெண்டாட்டி “நன்றாக இருக்கிறது” என்று சொல்ல வேண்டும். அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பாவி மனிதர் ஒவ்வொரு முறையும் கேட்டார்.

மற்றதெல்லாம் வந்தன, போயின. கல்யாணமான நாள் முதலே இருந்த புறா மட்டும் நின்றது.

பகை பிறந்ததும் அதனால்தான். நஜாஹ்வின் தம்பிக்கும் அபூ தர்காமுக்கும் ஒரு சுவர் வழக்கு. நஸ்மி மச்சானுக்காகச் சாட்சி சொல்லப் போனார். “புறா விடுறவன் சாட்சி செல்லாது, ஐயா! அடுத்தவன் புறாவைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, தானா வந்துச்சுன்னு சத்தியம் பண்ற கூட்டம்!” என்று அபூ தர்காம் எழுந்து கத்தினார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லும் பேச்சுதான். இவர் புறா விடுகிறார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார். “இவன் புறா நாலு என்கிட்ட இருக்கே, ஐயா!” நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி இருவர் பேச்சையும் தள்ளிவிட்டார். வாசலில் வைத்தே இருவரும் சண்டை என்று அறிவித்துக்கொண்டார்கள். புறாக்காரர்களுக்குள் சமாதானம் என்றால் வழிதவறி வந்த பறவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சண்டை என்றால், எவன் மாடியில் இறங்குகிறதோ அவனுக்கே சொந்தம்.

அதையெல்லாம்கூட அவள் மறந்திருப்பாள். மறக்க முடியாதது வேறு. நஸ்மியை அடக்கம் செய்த அன்று, அவர்கள் குடியிருக்கும் மலைமேல் ஒருவரும் புறா விடவில்லை. மரியாதைக்காக எல்லாரும் கூண்டை மூடியிருந்தார்கள். ஓதிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து நஜாஹ் ஜன்னல் வழியே பார்த்தாள். வானத்தில் ஒரே ஒரு கூட்டம் சுற்றியது. அபூ தர்காமின் கூட்டம்! நஸ்மியின் கூண்டை மட்டும் மூட ஆளில்லை; காலையிலிருந்து தீனி காணாத ஷம்மா, நஸ்மி கையிலேயே வளர்ந்த வெள்ளைத் தலைப் பெட்டை, அதோடு சேர்ந்து சுற்றி, எதிர் மாடியில் இறங்கியது. இறங்கினதும் வலை விழுந்தது. கபன் துணி சுற்றிய உடம்பு இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

“என்ன யோசனை, உம்மு ஸியாத்?” அபூ தர்காம் கோப்பையைப் பார்த்தார். “பையன் துபாயில இருக்கான். பொண்ணு கட்டிக்கிட்டுப் போகப் போறா. அதுங்க செத்துத்தான் போகும். எங்கிட்ட இருந்தா அவர் பேராவது இருக்கும்.”

“ஷம்மா எப்படி இருக்கு?”

அவர் கண் ஒரு கணம் தடுமாறியது. “இருக்கு. கூண்டுல.”

“அஞ்சாவது மாசம் நடக்குது. இன்னும் வெளியே விடலையா?”

அவர் மீசையை நீவினார். நஜாஹ் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். இந்த மனிதருக்கு ஒரு இறகுகூடக் கிடையாது. காப்பி ஆறட்டும், தூசி படியட்டும், புழு வைக்கட்டும். குடியுங்கள் என்று அவள் சொன்னால்தானே!

அப்போது ரபாப் பிஸ்கட் தட்டோடு உள்ளே வந்தாள். கேட்டது எதுவும் அவள் காதில் விழவில்லை. கோப்பையைப் பார்த்தாள். நல்ல பிள்ளையாக வளர்ந்த பெண், வார்த்தை தானாக வந்துவிட்டது.

“என்ன மாமா, அப்படியே வெச்சிருக்கீங்க? ஆறிடுமே. குடிங்க!”

நஜாஹ் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தாள்.

அபூ தர்காம் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஒரே மடக்கு. கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். மீசைக்குக் கீழே சிரிப்பு.

“அல்லாஹ் இந்த வீட்டுக்கு பரக்கத் கொடுக்கட்டும். வீட்டார் வாயிலேருந்து வந்தாச்சு, உம்மு ஸியாத்.”

“உம்மா, நான் என்ன...” ரபாபின் முகம் வெளுத்தது. தட்டிலிருந்து பிஸ்கட் ஒன்று உருண்டது. “உம்மா, எனக்குத் தெரியாது, உம்மா!”

“அழாதே. எடுத்து வை.”

நஸ்மியின் வீட்டில் சொன்ன வார்த்தை. அந்த மனிதர் உயிரோடிருந்தால் கண்ணில் தண்ணீர் வந்தாலும் மீறமாட்டார். அவள் மீறுவாளா? மீறினால் நாளைக் காலை ரொட்டிக் கடையில் இவர் என்ன சொல்லுவார்?

“சரி” என்றாள். “உங்க பையனை அனுப்புங்க. அஸர் தொழுகைக்கு முன்னாடி நாற்பத்திரண்டையும் எண்ணித் தூக்கிட்டுப் போகட்டும்.”

“மவராசி! கூண்டையும் அவனே பிரிச்சுடுவான். பலகை, கம்பி...”

“கூண்டா?”

“ஆமா. கூண்டும் தீனித் தொட்டியும் அங்கேயே நின்னா, அதுங்க...” அவர் பேச்சு நடுவிலேயே நின்றது.

“நீங்க கேட்டது புறாவ. கூண்டக் கேக்கலையே. ஒரு காப்பிக்கு ஒரு கேள்வி, அபூ தர்காம். அதுதான் குடிச்சாச்சே.”

“உம்மு ஸியாத், விளையாடாதீங்க. அந்த மாடியிலயே பொரிஞ்சதுங்க அத்தனையும். ரெக்கையை வெட்டினாலும் மூணு மாசத்துல வளர்ந்துடும். திறந்து விட்டா நேரா இங்கதான் வந்து இறங்கும்!”

“இறங்கினா யாருக்குச் சொந்தம்?”

அவர் அவளை முறைத்தார். “சண்டை அவரோட. அவர் போயாச்சு.”

“சமாதானம்னு யார் வந்து சொன்னா? என் புருஷனை மண்ணுக்குள்ள இறக்கறதுக்கு முன்னாடி வலையைப் போட்டீங்களே, அன்னைக்குச் சொன்னீங்களா?”

“ஒரு பொம்பளை மாடியேறி சீழ்க்கை அடிக்கப் போறீங்களா?” அவர் சிரிக்கப் பார்த்தார்.

“எனக்கு சீழ்க்கை வராது. அவர் தகரத் தட்டுல பார்லியப் போட்டுத் தட்டுவாரு. இருபத்தெட்டு வருஷம் அந்தச் சத்தத்துல மத்தியானத் தூக்கம் கெட்டவ நான். தாளம் தப்பாது.” அவள் குரல் உடைந்தது, உடைந்ததை அவருக்குக் காட்டாமல் எழுந்தாள். “உங்களுக்குத் தெரியும், அதான் ஷம்மாவை வெளியே விடவே பயந்து சாகறீங்க. அடைச்சு வெச்சுத் தீனி போடுங்க. ஆயுசு பூரா போடுங்க. அதுங்களும் கிழடாகும், நீங்களும் கிழவனாவீங்க.”

“நஸ்மி இருந்தப்ப இந்த வீட்ல மரியாதை இருந்துச்சு.”

“அவர் இருந்தப்ப நீங்க இந்த வீட்டுக்குள்ள வரலையே.”

அபூ தர்காம் எழுந்தார். செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். வாசற்படியில் நின்று, வீட்டுக்கு வந்துபோகும் எந்த விருந்தாளிக்கும் சொல்லும் ஒரு ‘போய் வாருங்கள்’ வருமா என்று திரும்பிப் பார்த்தார்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியதும் நஜாஹ் வாசற்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.