எதிராளியின் பாதி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று என் அப்பா கேட்டதற்கு, இந்தச் சம்பந்தம் ஏன் வேண்டாம் என்பதற்கான காரணங்களையெல்லாம் முதலில் எடுத்துவைத்தார். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தரும் வேலை, சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, மேலதிகாரியிடம் வாய் அடங்காது, வீட்டில் புத்தகங்களுக்குப் போகத்தான் மனிதர்களுக்கு இடம். மைசூர் சமஸ்தான உத்தியோகத்திலேயே தலை நரைத்த என் அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனி என் பக்கம்" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தபோது நான் ஏற்கெனவே சம்மதித்துவிட்டிருந்தேன். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் எங்கள் கல்யாணம் நடந்தது.

அது அவருடைய பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட அழகாகச் சொல்ல முடியாதவனுக்கு, மறுத்துப் பேச யோக்கியதை இல்லை என்பார். கல்லூரிப் பிள்ளைகள் ரசித்தார்கள். வீட்டில் நான் ஒரு ரேடியோ வேண்டும் என்று கேட்டால், ரேடியோ வாங்க வேண்டியதன் அவசியத்தை என்னைவிட உருக்கமாகச் சொல்வார். பிறகு அதை மறுத்துப் பேசுவார். கடைசிவரை ரேடியோ வராது.

மல்லேஸ்வரத்தில் வாடகை வீடு. சர்க்கார் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததால் எங்களுக்குக் கட்டுப்படியானது. அவருக்கோ அந்தச் சட்டத்தின் மேல்தான் கோபம். ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவன் பிழைத்துக்கொள்கிறான், தங்கவயலிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வேலை தேடி வருகிறவனுக்கு வீடு கட்ட யாரும் முன்வருவதில்லை, பிள்ளைகுட்டிகளோடு ஒரே அறையில் நாலு குடும்பம் படுக்கிறது என்பார். பத்திரிகையிலும் அப்படியே எழுதினார். எழுத்தா வேலையா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்றது கல்லூரி நிர்வாகம். மத்தியானமே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நின்றார். நான் அன்று கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். அடுத்த மாதம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தேன்.

இரண்டாம் பொதுத்தேர்தலில் சட்டசபைக்குச் சுயேச்சையாக நின்றார். மல்லேஸ்வரத்தில் நின்றிருக்கலாம், நாலு பேருக்குத் தெரிந்த முகம். வீடு கிடைக்காதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று ஜோகுபாளையம் பக்கம் போய் நின்றார். கடைசிக் கூட்டத்தில் மைதானம் நிறைய ஜனம். வழக்கம்போல எதிராளியின் வாதத்தில் தொடங்கினார். வாடகைக் கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. "இனி என் பக்கம்" என்று அவர் தண்ணீர் குடித்த நேரம் பார்த்து மழை கொட்டியது. ஜனம் கலைந்தது. அவர் பக்கத்தைக் கேட்க நானும் மைக் செட்காரரும்தான் மிச்சம்.

மறுநாள் காலை எதிராளியின் ஆள் ஒருவர் வீடு தேடி வந்தார். "எங்க ஆளுக்கு இவ்ளோ நல்லா பேச வராது சார். ரொம்ப தேங்க்ஸ்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார். மாலையில் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். பத்திரிகையில் இவர் எழுதியதைப் படித்திருக்கிறார். "நீவு ஹேளித்து சரி, ஸ்வாமி" என்று கன்னடத்தில், நீங்கள் சொன்னது சரி என்று பாராட்டினார். சட்டம் தளர்ந்தால் முதலில் காலி செய்யச் சொல்வது யாரை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தேர்தலில் டெபாசிட் போயிற்று.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது ஒரு பெரிய கட்சியின் பிரமுகர் வந்தார். காபியைக் குடித்துவிட்டு டிக்கெட் தருவதாகச் சொன்னார். "வாடகை விஷயத்தை மட்டும் தொடாதீங்க சார். மத்தபடி உங்க இஷ்டம்."

அவர் போனதும் இவர் என் எதிரில் உட்கார்ந்தார். டிக்கெட்டை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். ஜெயிப்பது நிச்சயம். ஒரு விஷயத்தில் வாயை மூடினால் பத்து விஷயத்தில் பேசலாம். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டாம். இந்த வீடும் நிலைக்கும். அவ்வளவும் என் மனதில் இருந்ததுதான். அதோடு முடித்துக்கொண்டார்.

"உங்க பக்கம்?" என்றேன்.

"இந்தத் தடவை எனக்கு வரலை. நீதானே இத்தனை நாளா கஷ்டப்படறே. நீ சொல்லு."

வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இதைப் பேசறதுக்குன்னு வேலையை விட்டீங்க. இப்ப இதைப் பேசாம இருக்கறதுக்குத்தான் எம்.எல்.ஏ. ஆகணுமா? நாலு நாள் வாயை மூடிட்டு இருப்பீங்க. அப்புறம் வீட்ல எரிஞ்சு விழுவீங்க. யாரால உங்களோட குடும்பம் நடத்த முடியும்?"

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதேன். என் வீட்டை என் வாயாலேயே கொடுத்துவிட்டேன்.

மறுபடியும் சுயேச்சையாகவே நின்றார். இந்த முறை மழைக்காக நான் காத்திருக்கவில்லை. எதிராளியின் பாதியை அவர் சொல்லி முடித்ததும் தண்ணீர் குடிக்க விடாமல் "மேலே பேசுங்க" என்று மேடையின் கீழேயிருந்து குரல் கொடுத்தேன். ஜனம் சிரித்தது, ஆனால் இருந்து கேட்டது. மயிரிழையில் ஜெயித்தார்.

மாலையோடு வாழ்த்த வந்த வீட்டுச் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். சட்டம் நம்ம பக்கம்தானே இருக்கு என்றேன் இவரிடம். "அந்தச் சட்டத்தைத் திட்டித்தானே ஓட்டு வாங்கினேன்" என்றார். ஜோகுபாளையத்தில் சின்ன வீடு பார்த்துக் குடிபோனோம். சாப்பாடு ஆயிற்று, சாவி இங்கே என்பதற்கு மேல் நான் அவரிடம் பேசவில்லை. மாதக்கணக்கில் அப்படியே போயிற்று.

விதான சௌதாவில் சட்டசபை கூடி வாடகை விவாதம் வந்த அன்று பார்வையாளர் மாடத்துக்கு என்னை வரச் சொன்னார். கோபம் இருந்தாலும் போனேன். கன்னடத்தில் பேசினார். வழக்கம்போல முதலில் எதிராளியின் பாதி. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் யார் என்ன இழப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினார்.

"எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்றார். "பழைய வீட்டுக் கிணற்றடியில் எந்தக் கல் வழுக்கும் என்று அவள் காலுக்குத் தெரியும். கறிவேப்பிலைக்குச் சுவருக்கு மேல் கையை நீட்டினால் போதும், அடுத்த வீட்டுக்காரி தருவாள். புது வீட்டில் அறைக்குள் நுழைந்ததும் அவள் கை வலப்பக்கச் சுவரைத் தடவுகிறது. ஸ்விட்ச் இடப்பக்கம் இருக்கிறது. தினமும் தடவுகிறாள். இதற்குச் சட்டத்தில் நஷ்டஈடு கிடையாது. தளர்த்தச் சொல்கிற நாம் இதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஸ்விட்சைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு தன் பாதியைப் பேசினார். புதிதாகக் கட்டும் சிறு வீடுகளுக்காவது விலக்கு கொடுங்கள் என்று கேட்டார். ஆளுங்கட்சி வரிசையிலேயே இரண்டொருவர் தலையாட்டியதை மேலேயிருந்து பார்த்தேன். முடிவு உடனே வரவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் அல்சூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைத்தது. அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் முதலில் பேசினேன்.

"என் பாதியை நல்லா சொன்னீங்க" என்றேன். "இனி உங்க பாதி ஜெயிக்கட்டும்."