ஏழாவது பிரவுனும் எங்க டீக்கடையும்

எங்க ஊர் கோல்ஃப் மைதானத்தை வெள்ளைக்காரன் போட்ட டிசைன்லயே திருப்பிக் கொண்டாரப் போறோம்னு ஒரு கமிட்டி கிளம்பிச்சு. கமிட்டின்னா ஆறு பேர். அஞ்சு பேருக்குத் தலையாட்டறதுதான் வேலை. ஆறாவது ஆள் செகரட்டரி. அந்த மனுஷன் வாயைத் திறந்தா ஒரிஜினல்தான்.

"ஒரு அங்குலம் மாறக் கூடாது. நடுவுல எது நின்னாலும் சரி, எடுத்துடணும்"னு மீட்டிங்ல மேஜையைத் தட்டுவார்.

என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னா, மிச்சம் இருந்த ஒரே பிளான் என் கையால வரைஞ்சது. இங்க தங்க மைன்ஸ் ஓடின காலத்துல நான் சர்வே ஆபீஸ்ல டிரேசர். பழைய பிளான் நைஞ்சு போச்சுன்னா, அது மேல டிரேசிங் துணியை விரிச்சு அப்படியே இன்னொண்ணு வரைஞ்சு வைக்கிறது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல வரைஞ்சது இது. அசலைக் கரையான் எப்பவோ சாப்பிட்டு முடிச்சிடுச்சு.

பெங்களூர்லேர்ந்து ஒரு டிசைனர் பொண்ணு வந்திருந்தா. கெட்டிக்காரி. ஆன்ட்டி, ஆன்ட்டின்னு என் பின்னாடியே சுத்துவா. எங்க மைதானத்துல குழியைச் சுத்தி பச்சைப் புல் கிடையாது. தண்ணிக்கு எங்க போறது? கழிவு எண்ணெய் ஊத்திப் பிசைஞ்ச மணலை வட்டமாப் பரப்பி உருட்டி விட்டுடுவாங்க. அதுக்குப் பேர் பிரவுன். இதைச் சொன்னப்போ அந்தப் பொண்ணு, "அய்யோ சூப்பர் ஆன்ட்டி!"ன்னு குதிச்சா.

பிளானை விரிச்சதும் எனக்குப் பக்குனு ஆச்சு. மூலையில வடக்கு காட்டற அம்பு மட்டும் நிக்குது, பக்கத்துல எழுத்தைக் காணோம்.

எங்க சர்வே ஆபீஸ்ல வடக்குன்னா காம்பஸ் காட்டற வடக்கு இல்லீங்க. பூமிக்குள்ள தங்கப் பாறை எந்தப் பக்கம் ஓடுதோ, அதை ஒட்டி ஒரு கோடு இழுத்து அதையே வடக்குன்னு வெச்சுக்குவாங்க. மைன் நார்த்துன்னு பேர். நிஜ வடக்குலேர்ந்து அது கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கும். அசல் பிளான்ல அம்பு பக்கத்துல அதைப் பொடி எழுத்துல போட்டிருந்தாங்க. நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். மைன்ஸ்ல எவன் வந்து இது எந்த வடக்குன்னு கேக்கப் போறான்?

சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள மனசுலயே பிளானை மைன் நார்த்துக்குத் திருப்பி வெச்சுப் பார்த்துட்டேன். ஏழாவது பிரவுன் நேரா கோரமண்டல் ரோட்டோரம் போய் எங்க டீக்கடை மேல உக்காந்துச்சு. திறந்த வாயை மூடிக்கினேன்.

மைன்ஸ் மூடினப்புறம் என் வூட்டுக்காரர் வருஷக்கணக்கா விடியறதுக்கு முன்னாடி ரயிலேறி பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர். நின்னுக்கினே போய் நின்னுக்கினே வருவார். ரெண்டு முட்டியும் போச்சு. அப்பாலதான் தகரம் போட்டு அந்தக் கடை. மனுஷன் உக்காந்து வேலை செய்ய ஆரம்பிச்சதே அங்கதான். அது போச்சுன்னா மறுபடியும் ரயில்தான். அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல.

டிசைனர் பொண்ணு காம்பஸ் வடக்கை வெச்சு அளந்தா. ஆட்டம் ஆரம்பிக்கிற மேடைக் கல்லு இன்னும் இருக்கு, அங்கேர்ந்து ஆரம்பிச்சா. பந்து மாட்டிக்கட்டும்னு வெள்ளைக்காரன் வெட்டின பழைய மண்குழிங்க அங்கங்க இன்னும் இருக்கு, அதுல ஒண்ணு கூடப் பிளானோட பொருந்தல. "ஏனோ சரியா வரலையே ஆன்ட்டி"ன்னு தலையைச் சொறிஞ்சா. நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியா ஏழாவது பிரவுனுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கினே போனவ, ஒரு கார் ஷெட்டு வாசல்ல நின்னுட்டா. பாதி வட்டம் வெளியே, பாதி வட்டம் உள்ளே. யாரு ஷெட்டு? நம்ம ஒரிஜினல் செகரட்டரி ஷெட்டு!

சத்தியமாச் சொல்றேன், அதை நான் திட்டம் போட்டுச் செய்யல. ஆனா சிரிப்பை அடக்கறதுக்குள்ள உயிர் போச்சு. முந்தானையை வாயில வெச்சுக்கினேன்.

மறுநாளே அவசர மீட்டிங். செகரட்டரி மேஜையைத் தட்டல, தடவிக்கினு இருந்தார். "ஒரிஜினல்னா அதோட ஆத்மாதாங்க முக்கியம். ஏற்கெனவே கட்டடம் நிக்கிற இடத்துல பிரவுன் வந்தா, கட்டடத்தை விட்டுட்டு பிரவுனைப் பக்கத்துல தள்ளி வைக்கலாம். இன்னா சொல்றீங்க?" அஞ்சு தலையும் ஆடிச்சு.

நான் அப்பாவியாட்டம் கேட்டேன். "சார், கட்டடம்னா தகர ஷெட்டும் சேர்த்தியா?"

"ஷெட்டுதாம்மா முக்கியம்! நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டாலே கட்டடம்தான்!"

"அதையும் மினிட்ஸ்ல எழுதிடுங்க சார். நாளைக்கு யாரும் வாய் பேசக் கூடாது."

எழுதினார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. மை காயட்டும்னு காபி குடிச்சேன். அப்பாலதான் தொண்டையைச் செருமிக்கினு, "ஒரு சின்ன விஷயம் சார், இந்த வடக்கு இருக்கே..."ன்னு ஆரம்பிச்சேன்.

டிசைனர் பொண்ணு அப்பவே ஓடிப் போய் அளந்தா. ஒவ்வொரு பழைய மண்குழியும் அப்படியே பிளான்ல உக்காந்துச்சு. என்னைக் கட்டிப் பிடிச்சு அழாத குறை. ஏழாவது பிரவுன் எங்க டீ பாய்லர் அடியில வந்துச்சு. செகரட்டரி மினிட்ஸைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க பெரிய ஆளும்மா"ன்னார். பிரவுனைக் கடைக்கு அந்தாண்ட தள்ளிப் போட்டாங்க.

அந்த வாரக் கடைசியில துணி ஊற வைக்கும்போது, வூட்டுக்காரர் சட்டைப் பையில ஒரு ரயில் சீசன் டிக்கெட். பெங்களூருக்கு. கமிட்டி அளக்க ஆரம்பிச்ச வாரத்துல எடுத்தது.

"இன்னாய்யா இது?"ன்னு கத்தினேன்.

அவர் நிதானமா கிளாஸ் கழுவிக்கினே சொன்னார். "கடைக்குக் கம்பம் நடத் தோண்டினப்போ எண்ணெய் மணல் கருப்பாக் கிளம்பிச்சு மே. அன்னிக்கே தெரியும், பிரவுன் நம்ம கடைக்கு அடியிலதான்னு."

"அப்புறம் ஏன்யா வாயைத் திறக்கல? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். உன் கையால வரைஞ்ச படம் அது. நான் சொல்லலன்னா நீ உண்மையைத்தான் சொல்லுவேன்னு தெரியும். அதான் கம்முனு டிக்கெட் எடுத்து வெச்சேன்."

அந்த முட்டியை வெச்சுக்கினு! எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணாக் கிளம்பி, ஈரத் துணியை அவர் மேலயே வீசினேன். மினிட்ஸ்ல அந்த ஒரு வரி ஏறாம இருந்திருந்தா நான் கடைசி வரைக்கும் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். இதை இன்னி வரைக்கும் அவர்கிட்ட நான் சொல்லல.